துணைவினையும் கதையின் ஐந்து நிலைகளும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழாத் தொடக்கத்தில் நாம் யாவரும் எழுந்து நின்று தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடினோம். தமிழ்நாட்டரசு 1970ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட அவ்வாழ்த்து, ‘மனோன்மணீயம்’ என்னும் நாடக நூலின் முகப்பிலுள்ள பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. 1891இல் அந்நூலை வெளியிட்ட பேராசிரியர் சுந்தரம் பிள்ளை அவர்கள் இதே திருவனந்தபுரத்தில், மகாராஜாவின் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். இன்று யூனிவர்சிட்டி கல்லூரி என வழங்கும் அக்கட்டடத்தைக் கடந்துதான் நம் பிள்ளைகள் பலர் நாள்தோறும் பள்ளிக்குச் செல்கின்றனர். தமிழுக்கு வாழ்த்துப்பா எழுந்த ஊரில் நாம் தமிழ் வகுப்பு நடத்துகிறோம் என்பது பெருமைக்குரியது, பொறுப்புக்கும் உரியது.

வகுப்பைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயற்குழுவினர் பணித்தனர். நாம் புலவரல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு நின்று ரயில்வேயில் ஏடு புரட்டுகிறவர். ஆயினும் ஞாயிறுதோறும் குழந்தைகளோடு அமர்ந்து வருவதால் ஒன்றைக் கண்டிருக்கிறோம். அதனை இம்மன்றத்தின் முன் வைக்கவே இவ்வுரை.

குழந்தைகளிடம் இல்லாதது எது?

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியவில்லை என்று நாம் அடிக்கடி வருந்துகிறோம். அது முழு உண்மையன்று. வா, போ, உண், உறங்கு, விழு, எழு என்னும் சொற்களெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பெயர்ச்சொற்களும் பெரும்பாலும் தெரியும். அவர்களுக்கு நழுவிப்போவது, வினைச்சொல்லின் பின்னே ஒட்டி வரும் சிறு சொற்களே. விடு, கொள், இரு, போ, பார், வை, கொடு, தள்ளு, தொலை என்பன அவை. இலக்கணத்தார் அவற்றைத் துணைவினை என்பர். தமிழில் அத்தகையவை ஏறத்தாழ 40 உண்டு என்று பாடநூலார் கணக்கிடுவர்.

சிறு சொற்கள்தாமே, போனால் என்ன என்று எண்ணலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஒரு சிறுமி, திருநெல்வேலியிலுள்ள தன் ஆச்சியிடம் தொலைபேசியில் பேசினாள். ‘ஆச்சி, அப்பா மாடிப்படியில் விழுந்தார்’ என்றாள். உடனே பேச்சும் அறுந்துவிட்டது. மறுபடி அழைத்தால் எவரும் எடுக்கவில்லை. முதியவள் அன்று மாலையே பேருந்தேறி, இரவு முழுதும் கண்ணீரோடு பயணம் செய்து, விடியற்காலை வந்து நின்றாள். மகன் கதவைத் திறந்தான். அவன் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. நடந்தது என்ன? படியில் கால் தடுக்கி அவன் ‘விழப்பார்த்தான்’, விழவில்லை. ‘பார்’ என்னும் துணைவினை அக்குழந்தையிடம் இல்லை. இருந்திருந்தால் ஒரு தாய்க்கு ஓர் இரவுத் துயர் இல்லை.

ரயில் நிலையத்தில் வேலை செய்வோருக்கு இவ்வேறுபாடு நாள்தோறும் கண்கூடு. வண்டி ‘புறப்படப்போகிறது’ என்றால் பயணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். ‘புறப்பட்டுவிட்டது’ என்றால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வண்டி எப்போது என்று கேட்கிறார். ‘வந்துகொண்டிருக்கிறது’ என்றால் தேநீர்க் கடையை நோக்கி நடக்கிறார். புறப்படு, வா என்னும் முதல்வினைகள் செய்தியைத் தருகின்றன. மனிதர் என்ன செய்ய வேண்டும் என்பதைத் துணைவினையே தெரிவிக்கிறது.

பின்னால் நின்று உந்தும் எஞ்சின்

குழந்தைகளுக்கு இதனை எவ்வாறு விளக்குவது? நமக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுகிறோம். புனலூரிலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் மலைப்பாதையைப் பலரும் அறிவீர்கள். 1904இல் திறக்கப்பெற்ற கொல்லம்–செங்கோட்டைப் பாதை, அகலப் பாதையாக மாற்றப்பெற்று 2018இல் முழுமையாக மீண்டும் இயங்கத் தொடங்கிற்று. அம்மலை ஏற்றத்தில் வண்டிக்கு முன்னால் ஓர் எஞ்சின் இழுத்துச் செல்ல, பின்னால் மற்றோர் எஞ்சின் நின்று உந்தும். ரயில்வேயில் அதனை ‘பேங்கர்’ என்போம். வண்டி இன்னது, இன்ன ஊருக்குச் செல்வது என்பதை அது மாற்றுவதில்லை. ஆயினும் அஃதின்றி ஏற்றம் ஏறுவது அரிது.

தமிழ்த் துணைவினையும் அவ்வாறே பின்னால் நிற்பது. ஆங்கிலத்தில் ஹேவ், வில், கேன் முதலியன முதல்வினைக்கு முன்னால் வரும். பள்ளியில் ஆங்கில இலக்கணம் கற்கும் பிள்ளை, துணைவினையை வாக்கியத்தின் முன்பக்கம் தேடப் பழகியிருக்கிறது. தமிழில் அதனைக் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் தேட வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், பிள்ளை மறப்பதில்லை.

அடுத்து, துணைவினையாக வரும்போது அச்சொல் தன் சொந்தப் பொருளை இழந்துவிடும் என்பதைக் காட்ட வேண்டும். ‘குழந்தையைப் பள்ளியில் கொண்டுவந்து விட்டான்’ என்னும்போது விட்டான் என்பது முதல்வினை. உண்மையாகவே ஒருவன் ஒரு குழந்தையை விட்டுச் செல்கிறான். ‘குழந்தை வந்துவிட்டான்’ என்னும்போது எவரும் எதனையும் விடவில்லை. வருதல் நிறைவேறிற்று என்பதே பொருள். ஆதலின் முன்னதைப் பிரித்தும் பின்னதைச் சேர்த்தும் எழுதுகிறோம். இந்த ஓர் இடைவெளியைக் கற்ற பிள்ளை பல பிழைகளிலிருந்து தப்பிவிடுகிறது.

பிறகு தேங்காய்ப் பாடம். பழவங்காடிக் கணபதி கோயிலில் தேங்காய் உடைப்பதைக் காணாத பிள்ளை இந்நகரில் இல்லை. எனவே ‘தேங்காயை உடைத்தான்’ என்னும் ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதுகிறோம். ‘உடைத்துக்கொடுத்தான்’ என்றால் பிறருக்காக உடைத்தான். ‘உடைத்துவைத்தான்’ என்றால் பின்னர் வேண்டியிருக்கும் என்று முன்னரே உடைத்தான். ‘உடைத்துப்பார்த்தான்’ என்றால் உள்ளே நல்லதோ அழுகலோ என்று சோதித்தான். ‘உடைத்துத்தள்ளினான்’ என்றால் ஒன்றன்று, நூறு. ‘உடைத்துவிட்டான்’ என்றால் இனி ஒட்டாது. ‘உடைத்துத்தொலைத்தான்’ என்றால் தேங்காயைப் பற்றிய செய்தி கொஞ்சம். சொல்லுகிறவருடைய சினமே மிகுதி. தேங்காய் ஒன்றே, உடைத்தவனும் ஒருவனே. மனம்தான் ஒவ்வொரு முறையும் வேறு. வகுப்பில் இப்பாடம் நடக்கும்போது சிரிப்பு எழாமல் இருந்ததில்லை.

மலையாளம் தடையா, துணையா?

மலையாளம் கலப்பதால்தான் தமிழ் கெடுகிறது என்று பெற்றோர் சிலர் கூறுவர். நம் பிள்ளைகள் மலையாளம் கற்பது முறையே. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேரளப் பள்ளிகளில் அது கட்டாயப் பாடம். இம்மண்ணில் வாழ்வோர் இம்மண்ணின் மொழியை அறிதல் கடமையும் ஆகும். நாம் செய்ய வேண்டியது, அம்மொழியைத் தமிழுக்குப் பாலமாக்கிக்கொள்வதே.

திருவனந்தபுரத்தில் பேராசிரியராக விளங்கிய ஏ. ஆர். ராஜராஜ வர்மா அவர்கள் 1896இல் ‘கேரள பாணினீயம்’ என்னும் மலையாள இலக்கணத்தை வெளியிட்டார். அந்நூலில், முதல்வினையைத் தொடர்ந்து வரும் இச்சொற்களுக்கு ‘அனுப்பிரயோகம்’ என்று பெயரிட்டு அவர் தனியே ஆராய்ந்துள்ளார். மலையாளத்தில் ‘எழுதிவச்சு’ என்பது தமிழில் எழுதிவைத்தான். ‘பறஞ்ஞுகொடுத்து’ என்பது சொல்லிக்கொடுத்தான். ‘வீணுபோயி’ என்பது விழுந்துபோனான். உடன்பிறந்தார் முகச்சாயல் போல் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றன அல்லவா?

வேறுபாடு இரண்டு. ஒன்று, மலையாள வினைக்கு இடமும் பாலும் காட்டும் விகுதி இல்லை. ஞானும் ‘வந்நு’, அவனும் ‘வந்நு’, அவளும் ‘வந்நு’. தமிழில் அவ்விகுதி உண்டு. துணைவினை வந்தால் அதுவே அவ்விகுதியைச் சுமக்கும். வந்துவிட்டேன், வந்துவிட்டான், வந்துவிட்டாள் என்பவற்றில் ‘வந்து’ அசையாமல் நிற்க, ‘விடு’ அனைத்தையும் தாங்குகிறது. இரண்டாவது, மலையாளத்தில் ‘பறஞ்ஞுகளஞ்ஞு’ என வருமிடத்தில் தமிழ் ‘சொல்லிவிட்டான்’ என்னும். ‘சொல்லிக்களைந்தான்’ என்று ஒரு பிள்ளை எழுதினால் நாம் சினக்க வேண்டுவதில்லை. துணைவினை ஒன்று அங்கே வேண்டும் என்பதை அப்பிள்ளை உணர்ந்திருக்கிறது. எது என்பதில்தான் தடுமாற்றம். ஒன்றுமே எழுதாத பிள்ளையைவிட அது முன்னேறிய பிள்ளை.

மலையாள மண்ணில் வாழ்வது தமிழில் கதை சொல்லத் தடையாகாது என்பதற்கு இந்நகரே சான்று. சாலைக் கடைத்தெருவின் வாழ்வைக் கதைகளாக்கிய ஆ. மாதவன் அவர்களும், 1968இல் ‘தலைமுறைகள்’ நாவலை வெளியிட்ட நீல பத்மநாபன் அவர்களும் திருவனந்தபுரத்தில் வாழ்ந்தே தமிழில் எழுதினர். நீல பத்மநாபனுக்கு 2007இலும் மாதவனுக்கு 2015இலும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

கதையும் ஒரு பயிர்

இனி, கதையைப் பற்றிக் கூறுவோம். துணைவினையைப் பட்டியலாக ஒப்பிக்கச் செய்தால் குழந்தை அடுத்த வாரமே மறந்துவிடும். அச்சொற்களுக்கு வேலை இருக்குமிடம் கதை. கதைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு.

ஆங்கிலப் பள்ளிகளில் கதைப்போக்கை ஒரு மலைபோல் வரைந்து காட்டுகின்றனர். தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என ஐந்து நிலைகள். ஜெர்மனி நாட்டுக் குஸ்தாவ் ஃபிரைதாக் என்பார் 1863இல் நாடகத்தைப் பற்றி எழுதிய நூலிலிருந்து இவ்வழக்கம் பரவிற்று. நன்றே. ஆனால் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நம் நாட்டார் நாடகத்தின் ஐந்து நிலைகளைக் கூறியுள்ளனர். வடமொழி நாட்டிய சாத்திரம் அவற்றைச் சந்தி என்னும். சிலப்பதிகாரத்திற்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று அவற்றைக் குறிப்பிடுகிறார். அவ்வுரையோடு சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளியிட்டது 1892இல். மனோன்மணீயம் வெளிவந்த மறு ஆண்டு.

அவ்வுரையாசிரியர் இந்நிலைகளை விளக்கும் முறைதான் நம் உள்ளத்தைக் கவர்வது. அவர் மலையைக் காட்டவில்லை, வயலைக் காட்டுகிறார். உழுது பதப்படுத்திய மண்ணில் இட்ட வித்து முளைத்தல் முகம். முளை இலை விட்டு நாற்றாதல் பிரதிமுகம். நாற்று வளர்ந்து தனக்குள்ளே கரு ஏற்றல் கருப்பம். கதிர் விரிந்து திரண்டு முற்றித் தலைசாய்தல் விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்தல் துய்த்தல். மலையுச்சிக்குப் பின் இறக்கம். பயிர் முற்றிய பின் உணவு. கதை முடிந்தவுடன் கேட்டவர் கையில் ஏதேனும் மிஞ்ச வேண்டும் என்பதை ‘துய்த்தல்’ என்னும் ஒரு சொல் எவ்வளவு அழகாகச் சொல்லிவிடுகிறது!

நம்மில் பலருடைய முன்னோர் நாஞ்சில் நாட்டிலும் தாமிரபரணிக் கரையிலும் ஏர் பிடித்தவர்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, சில குடும்பங்கள் இப்புறத்திலேயே தங்கிவிட்டன. வேறு சிலர் பின்னர் வேலை மாற்றலில் வந்து சேர்ந்தனர். நம் குழந்தைகள் நெல் வயலைப் படத்தில்தான் பார்த்திருக்கின்றனர். ஆகையால் இப்பாடத்தைத் தொடங்குமுன் வெள்ளாயணிப் பக்கம் ஒருநாள் அவர்களை அழைத்துச் செல்வது நலம். நாற்றையும் கதிரையும் கையால் தொட்டவருக்கு ஐந்து நிலைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பெரிய பிள்ளைகளுக்கு மனோன்மணீயத்தையே எடுத்துக்காட்டலாம். அதுவும் ஐந்து அங்கங்களால் ஆயது. பாண்டியன் சீவகன் நெல்லையில் புதுக் கோட்டை கட்டியதும், அவன் மகள் மனோன்மணி, தான் அறியாத ஒருவனைக் கனவில் கண்டதும் வித்து. சேரமன்னன் புருடோத்தமனிடம் மணம் பேச அனுப்பிய தூது முளை. தூது சென்றவன் சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலனின் மகன் பலதேவன் அன்றோ? மணப்பேச்சு போராக மாறுவது கரு. பாண்டியன் தோற்று, தன் மகளைப் பலதேவனுக்கே கொடுக்கத் துணிவது கதிர் முற்றித் தலைசாயும் நிலை. சுருங்கை வழியே வந்து நின்ற புருடோத்தமனைத் தன் கனவில் கண்டவன் என்று அறிந்து மனோன்மணி மாலை சூட்டுவது துய்த்தல்.

நிலைக்கு ஒரு துணைவினை

இப்போது இரண்டையும் இணைப்போம். சிறு பிள்ளைகளுக்கு, வடை சுட்ட பாட்டியின் கதையைவிட ஏற்றது வேறில்லை. அக்கதையை முதலில் துணைவினை ஒன்றுமின்றிச் சொல்லிக்காட்டுகிறோம். ‘பாட்டி வடை விற்றாள். காகம் வடையை எடுத்தது. நரி வந்தது. பாடச் சொன்னது. காகம் பாடியது. வடை விழுந்தது. நரி தின்றது.’ குழந்தைகள் அமைதியாக இருப்பர். அது செய்தித்தாளின் மூலையிலுள்ள செய்தி போன்றது. எவருக்கும் இழப்பில்லை, எவருக்கும் மகிழ்ச்சியில்லை.

பின்னர் அதனையே மீண்டும் சொல்லுகிறோம். பாட்டி ஒருத்தி வடை சுட்டு விற்று ‘வாழ்ந்துவந்தாள்’. இது முகம், நாள்தோறும் நடப்பதைச் சொல்லும் ‘வா’ என்னும் துணைவினை இங்கே மண்ணைப் பதப்படுத்துகிறது. காகம் ஒரு வடையைக் கவ்விக்கொண்டு மரத்தில் ‘உட்கார்ந்திருந்தது’. நரி, ‘உன் குரல் இனியதாமே’ என்று ‘சொல்லிப்பார்த்தது’. இது பிரதிமுகம், ‘பார்’ முயற்சியைக் காட்டுகிறது. காகத்துக்கோ தன் புகழுக்காகப் ‘பாடவேண்டும்’. ஆனால் வடைக்காக வாயைத் ‘திறக்கக்கூடாது’. இது கருப்பம். வேண்டும், கூடாது, முடியாது, மாட்டேன் என்னும் சொற்களின்றிக் கதைக்குள் கரு உண்டாகாது. ஒரே நெஞ்சில் வேண்டும் என்பதும் கூடாது என்பதும் மோதும்போதுதான் குழந்தை தன் இருக்கையின் நுனிக்கு வருகிறது. பின்னர் காகம் வாயைத் ‘திறந்துவிட்டது’, வடை ‘விழுந்துவிட்டது’. இது விளைவு, ‘விடு’ என்பது திரும்பாத நிலை. இறுதியில் காகம் ‘ஏமாந்துபோயிற்று’. புகழ்மொழியின் விலை என்ன என்று ‘தெரிந்துகொண்டது’. இது துய்த்தல், ‘போ’ இழப்பையும் ‘கொள்’ பயனையும் தருகின்றன.

அடுத்த ஞாயிறு ஒரு விளையாட்டு. பலகையிலுள்ள கதையில் ஒரே ஒரு சொல்லை மாற்றுகிறோம். ‘வடை விழுந்துவிட்டது’ என்பதை அழித்து, ‘வடை விழப்பார்த்தது’ என்று எழுதி, மேலே சொல்லுங்கள் என்கிறோம். காகம் காலால் பிடித்துக்கொண்டது என்று ஒரு குழந்தை சொல்லும். வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடிற்று என்று மற்றொன்று சொல்லும். நரி பசியோடு போய்விட்டது என்று மூன்றாவது கூவும். ஒரு துணைவினையை மாற்றினால் கதையின் முடிவே மாறுகிறது! இலக்கணம் என்பது தேர்வுத்தாளில் கோடிட்ட இடத்தை நிரப்புவதன்று, ஒரு காகத்துக்கு வடையைத் திருப்பிக் கொடுக்க வல்லது என்று அன்று அவர்கள் கண்டுகொள்கிறார்கள்.

வீடும் மேடையும்

பேசத் தெரிந்தால் போதாதா, இலக்கணம் எதற்கு என்று சில பெற்றோர் கேட்கின்றனர். நியாயமான வினாவே. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் துணைவினை என்னும் பெயரையே நாங்கள் கூறுவதில்லை. அப்பருவத்தில் கதை கேட்டால் போதும். எட்டிலிருந்து பதினொன்றுவரை, நிலைக்கு ஒரு வாக்கியமாக ஐந்து வாக்கியங்களில் கதை சொல்லப் பழக்குகிறோம். அதற்கு மேற்பட்டோருக்கே பெயரும் விதியும், சேர்த்தெழுதும் முறையும். பேசத் தெரிந்தால் போதும் என்பாருக்கு ஒரு மறுமொழி உண்டு. ‘பால் தா’, ‘பேருந்து வந்தது’, ‘பள்ளி விடுமுறை’ என்ற அளவில் நிற்கும் பேச்சு, கடைக்கும் பேருந்துக்கும் போதும். தாத்தாவின் மறைவைப் பற்றி ஊருக்கு எழுத நேரும்போது, ‘தாத்தா இறந்தார்’ என்று எழுதுவதற்கும் ‘தாத்தா நம்மை விட்டுப் போய்விட்டார்’ என்று எழுதுவதற்கும் இடையே ஒரு குடும்பமே நிற்கிறது. முதலாவது பதிவேட்டில் இடும் குறிப்பு. இரண்டாவது பேரன் எழுதும் கடிதம். துணைவினையை இழந்த தலைமுறை தமிழில் செய்தி சொல்லும். துக்கமும் மகிழ்ச்சியும் சொல்ல வேறு மொழிக்குப் போய்விடும். நாம் அஞ்சுவது இதற்கே.

ஆகவே இம்மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது தாய்மார்களுக்கு. குழந்தை ‘விழுந்தது’ என்று வெறுமனே கூறும்போது, ‘விழுந்ததா, விழுந்துவிட்டதா, விழப்பார்த்ததா?’ என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். திருத்தும் குரல் வேண்டா. கதை கேட்கும் குரல் வேண்டும். வேறு செலவில்லை.

இரண்டாவது, வீட்டிலுள்ள முதியோர்களுக்கு. தொலைக்காட்சிப் பெட்டியும் கைப்பேசியும் உறங்கப் போகும் பத்து நிமிடம் கண்டுபிடித்து, உங்கள் ஊர்க்கதை ஒன்றைச் சொல்லுங்கள். துணைவினையைக் கற்பிக்கும் சிறந்த ஆசிரியர் நீங்களே. உங்கள் வாயில் அச்சொற்கள் தாமாக வந்து விழும். ‘மழை கொட்டித் தீர்த்துவிட்டது’ என்று நீங்கள் கூறும் ஒரு வாக்கியம், நாங்கள் பலகையில் எழுதும் பத்து வாக்கியத்துக்கு ஈடு.

மூன்றாவது செயற்குழுவினருக்கு. நம் ஆண்டு விழாவில் ஒப்பித்தல் போட்டி உண்டு, பரிசும் உண்டு. அதனைக் குறைகூறவில்லை. மனப்பாடம் நாவுக்குப் பயிற்சி. ஆனால் பிறர் எழுதியதை ஒப்பிக்கும் பிள்ளை, தன் மனத்திலுள்ளதைத் தமிழில் சொல்ல வல்லதா என்பது நமக்குத் தெரிவதில்லை. அடுத்த ஆண்டு விழாவில் ‘சொந்தக் கதை’ என்று ஒரு பகுதி அமையட்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். கதை தன் வீட்டிலோ, பள்ளியிலோ, பேருந்திலோ நடந்ததாக இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம். எழுதி வைத்துப் படித்தலாகாது. உச்சரிப்புக்கு மதிப்பெண் குறைக்கலாகாது. வித்து முளைத்ததா, கரு உண்டாயிற்றா, முடிவில் கேட்டவர் கையில் ஏதேனும் மிஞ்சிற்றா என்ற மூன்றையே நடுவர் நோக்கட்டும். மலையாளச் சொல் இரண்டு கலந்தாலும் கலக்கட்டும்.

அதற்கு ஆயத்தமாக, வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பில் முதற் பயிற்சி தொடங்குகிறது. பாடநூல் வேண்டா. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தேங்காய்ச் சிரட்டை கொண்டுவர வேண்டும். அதில் மண் நிரப்பி நெல் விதைப்போம். முளை தோன்றுவதற்குள் முதல் இரண்டு வாக்கியங்களை அவர்கள் சொல்லியிருப்பார்கள். பெற்றோரும் உடன் வந்து அமரலாம், இடமிருக்கிறது.